ஜாய்ஸ்டிக்கை இங்கே கொடு

ஒரு வீட்டில் யாருக்குச் சொந்தமாகப் பொழுது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த பிறகு ஹாலில் இருக்கும் டிவி யார் வசம் இருக்கிறது என்று பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய லைன் வீடானாலும் சரி, திருவள்ளூரில் வங்கிக் கடனில் கட்டிய மாடி வீடானாலும் சரி, பதில் பெரும்பாலும் ஒன்றுதான். மகன் விளையாடிக்கொண்டிருப்பான். அப்பா பக்கத்தில் சாய்ந்து வேடிக்கை பார்ப்பார். அம்மா பாத்திரம் தேய்ப்பார். மகள் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பாள்.

கூலி, பாதுகாப்பு, வன்முறை என்று பெண்கள் பேச ஆயிரம் இருக்கும்போது வீடியோ கேமைப் பற்றியா எழுதுவது என்று கேட்பவர்கள் உண்டு. நாம் வேலை கேட்டிருக்கிறோம், சமக் கூலி கேட்டிருக்கிறோம், ஓய்வும் கேட்டிருக்கிறோம். அந்த ஓய்வைக்கூட மறுநாள் வேலைக்கு உடம்பு தேற வேண்டும் என்று காரணம் சொல்லித்தான் கேட்டோம். யாருக்கும் எந்தப் பயனும் இல்லாத, வெறும் மகிழ்ச்சிக்கான ஒரு மணி நேரத்தை நாம் வாய்விட்டுக் கேட்டதே இல்லை.

புத்தகம் படிக்கும் பெண்ணைக் கேட்டால் அறிவு வளரும் என்று சமாதானம் சொல்லலாம். கோயிலுக்குப் போகிறவள் குடும்பத்துக்காகப் போகிறாள். சீரியல் பார்த்தபடியே கீரை ஆயலாம், பூண்டு உரிக்கலாம், துணி மடிக்கலாம். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தால் இரண்டு கையும் போய்விடும். கண்ணும் கவனமும் சேர்ந்து போய்விடும். ஒரு பெண்ணின் இரண்டு கையும் ஒரே நேரத்தில் வீட்டுக்கு உதவாமல் போவதுதான் இங்கே பிரச்சினை. வீடியோ கேமைப் பற்றிப் பேச வேண்டியிருப்பதும் அதனால்தான்.

இந்தப் பொருள் இப்போது எப்படி விற்கப்படுகிறது என்று பார்ப்போம். முன்பு கேசட், அப்புறம் டிஸ்க். இன்று டிவியோடு இணைக்கும் கன்சோலை வாங்கி, நெட் வழியாகக் கேமை இறக்கிக்கொள்கிறார்கள். சோனியின் பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021இல் விற்பனைக்கு வந்தபோது இரண்டு வகையாக வந்தது. டிஸ்க் போடும் வகை ரூ.49,990. டிஸ்க் போட வழியே இல்லாத, எல்லாவற்றையும் டவுன்லோடு மட்டுமே செய்யக்கூடிய வகை ரூ.39,990. கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு இது பல மாதச் சம்பளம். அவ்வளவு முடியாதவர்கள் ரிச்சி தெருவில் பழைய கன்சோல் தேடுகிறார்கள், அல்லது டிவியின் பின்னால் செருகும் ஒரு சின்னக் குச்சியில் ஆயிரக்கணக்கான பழைய கேம்களை வாங்கி வருகிறார்கள்.

டவுன்லோடு கடைகளில் இரண்டு வகைச் சரக்கு உண்டு. ஒன்று புதியது, பெரும்பாலும் சிறு குழுக்கள் உருவாக்குவது. இன்னொன்று முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்தைய கேம்களை அப்படியே எடுத்து மறுபடி விற்பது. நின்டென்டோ 2006இல் வீ கன்சோலோடு திறந்த கடையில் இந்த இரண்டையும் விற்றது. 2019 ஜனவரியில் அந்தக் கடையை மூடியது. இப்போது ஸ்விட்ச் கன்சோலில் மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா கட்டிப் பழைய கேம்களை ஆடலாம். ரெட்ரோ என்று அதற்குப் பெயர். நமக்குப் புரியும்படி சொன்னால் மலரும் நினைவு.

யாருடைய மலரும் நினைவு?

1990களில் நம் ஊர்களுக்கு வந்த டிவி கேம்கள் பெரும்பாலும் நின்டென்டோ கருவியின் நகல்கள். கேசட்டின் மேல் 9999 கேம் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே பத்து இருபதுதான் மாறி மாறி வரும். மாரியோ, கான்ட்ரா, டாங்க் விடும் பேட்டில் சிட்டி, வாத்து சுடும் டக் ஹன்ட். அந்தக் காலத்து ஆண்பிள்ளைகள் இன்று நாற்பதை ஒட்டிய வயதில் இருக்கிறார்கள். கையில் சம்பளம் இருக்கிறது. தங்கள் கோடை விடுமுறையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குகிறார்கள். வாங்கட்டும்.

அதே கோடை விடுமுறையில் அதே வீட்டில் இருந்த பெண்பிள்ளையின் நினைவில் என்ன இருக்கிறது? அண்ணன் அவுட் ஆகும்வரை காத்திருந்தது. முறை வந்த நேரத்தில் தண்ணி பிடிக்கக் கூப்பிட்டது. அண்ணனின் நண்பர்கள் வந்ததும் உள்ளே போகச் சொன்னது. அவளுக்கு அந்த இசை மனப்பாடம், எந்தச் செங்கல்லில் காளான் வரும் என்பதும் மனப்பாடம். பார்த்துப் பார்த்தே கற்றவள். விளையாடிய நினைவு மட்டும் அவளிடம் இல்லை. எந்தக் கடையிலிருந்தும் அவள் அதை டவுன்லோடு செய்ய முடியாது, ஏனென்றால் அது நடக்கவே இல்லை.

அந்தப் பழைய கேம்களுக்குள் பெண் எங்கே இருந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1981இல் வந்த டாங்கி காங்கில் குரங்கு தூக்கிக்கொண்டு போகிறது, ஆண் ஏறிப் போய் மீட்கிறான். 1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் கோட்டை கோட்டையாகத் தாண்டினால் இளவரசி இங்கே இல்லை, வேறு கோட்டையில் இருக்கிறாள் என்று சொல்லி அனுப்புகிறார்கள். 1986இல் வந்த மெட்ராய்டில் கவச உடைக்குள் இருந்து சண்டை போட்டவள் ஒரு பெண் என்று கடைசியில் தெரியவரும். அது நல்ல திருப்பம்தான். ஆனால் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவு குறைவான உடையில் அவளைக் காட்டுவார்கள். வென்றவனுக்குப் பரிசு அது. பெண்ணைப் பரிசாகக் கொடுக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. வில்லை ஒடித்தவனுக்கும் காளையை அடக்கியவனுக்கும் பெண் கொடுத்த கதைகளைக் கேட்டுத்தான் வளர்ந்தோம்.

இதைச் சொன்னவுடன் ஒரு பதில் வரும்: ஆண்கள் செய்தார்கள், ஆண்கள் ஆடினார்கள், அதனால் அப்படி இருந்தது. பாதிப் பொய். கரோல் ஷா 1982இல் உருவாக்கிய ரிவர் ரெய்ட் அன்றைய அட்டாரி கன்சோலில் மிகப் புகழ்பெற்ற கேம்களில் ஒன்று. காசல்வேனியாவின் இசையை எழுதியவர்களில் முதன்மையானவர் கினுயோ யமாஷிதா. அந்தக் கேமின் இறுதியில் வரும் பெயர்ப் பட்டியலில் அவர் பெயர் ஜேம்ஸ் பனானா. அன்றைய ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் வேலை செய்த எல்லோருக்கும், ஆண்கள் உட்பட, புனைபெயர்தான் போட்டன. ஆனால் பெயர் தெரியாத இடத்தில் நம் மனம் யாரைப் போட்டு நிரப்புகிறது? ஆணைத்தான். ரியேகோ கொடாமா 1987இல் பேண்டசி ஸ்டார் என்ற கேமின் ஓவியராக இருந்தார். அதன் நாயகி ஆலிஸ், கொல்லப்பட்ட அண்ணனுக்காகப் பழிவாங்கப் புறப்படும் பெண். கொடாமாவுக்கும் அன்று புனைபெயர்தான். முப்பது ஆண்டு கழித்து, சேகா நிறுவனத்தின் பழைய கேம்களை ஸ்விட்சில் டவுன்லோடாக மறுபடி வெளியிடும் வரிசைக்குத் தலைமைத் தயாரிப்பாளராக அவரே இருந்தார். 2022இல் இறந்தார். பெண்கள் இந்தத் தொழிலின் வாசலில் நின்றவர்கள் இல்லை, உள்ளே வேலை செய்தவர்கள். மலரும் நினைவுகளை விற்பவர்கள் இந்த நினைவையும் சேர்த்து விற்கட்டும்.

கேசட் காலத்தில் இருந்த ஒரு வசதி டவுன்லோடில் போய்விட்டது. கேசட் சுவரைத் தாண்டும். பக்கத்து வீட்டுக்குப் போகும், பள்ளிக்கூடப் பையில் போகும், ஒரு நாள் வாடகைக்குப் போகும். அண்ணன் இல்லாத நேரத்தில் தங்கை எடுத்துப் போடலாம். டவுன்லோடு செய்த கேம் ஒரு கணக்கோடு கட்டப்பட்டது. அந்தக் கணக்குக்கு ஒரு ஈமெயில், ஒரு பாஸ்வேர்டு, பணம் கட்ட ஒரு கார்டு வேண்டும். நம் வீடுகளில் அந்தக் கார்டு யார் பெயரில் இருக்கிறது? பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? ரேஷன் அட்டையில் குடும்பத் தலைவி என்று பெயர் போட வைத்த நாம், இந்தக் கணக்கில் வெறும் விருந்தாளி.

புதிய கேம்களில் நிலைமை மாறியிருக்கிறதா? மாறியிருக்கிறது. 2020இல் புனேயைச் சேர்ந்த நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ் வெளியிட்ட ராஜி, கடத்தப்பட்ட தம்பியைத் தேடிப் போகும் ஒரு சிறுமியின் கதை. மீட்கப்பட வேண்டியவள் மீட்பவளாகிவிட்டாள். ஆனால் நமக்கு இன்னும் நெருக்கமானது 2023 ஜூலை இறுதியில் வந்த வெண்பா. கனடாவின் டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு உருவாக்கியது. பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் எல்லாவற்றிலும் டவுன்லோடாகக் கிடைத்தது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக கேமுக்கான விருதைப் பெற்றது.

வெண்பா ஒரு தமிழ்ப் பெண். 1980களில் கணவன் பாவலனோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தவள். ஆசிரியையாக இருந்தவளுக்கு அங்கே அந்த வேலை எளிதில் கிடைப்பதில்லை. மகன் கவின் பிறக்கிறான், பள்ளிக்குப் போகிறான், தமிழையும் அம்மாவின் சாப்பாட்டையும் வெட்கப்பட்டு ஒதுக்குகிறான். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்து அழிந்து கிடக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்துச் சமைப்பதுதான் விளையாட்டு. இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பது ஒரு புதிர். ஒவ்வொரு காலத்துக்கும் ஏற்ற தமிழ்ச் சினிமா இசையின் சாயலில் பாடல்கள். பிறகு பாவலன் இறக்கிறான், வெண்பா தனியாகிறாள். கடைசியில் மகன் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அடுப்பு முன் நிற்கிறான்.

நல்ல கேம். அதில் மாவும் வடசட்டியும் எழுப்பும் சத்தங்களே நம்மை உட்கார வைக்கும். மகன் சமைக்கக் கற்பதோடு முடிவதற்காகவே அதை நம் பையன்கள் கையில் கொடுக்கலாம். ஆனால் பாராட்டியவர்கள் பலரும் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. வெண்பாவைப் போன்ற அம்மாக்களில் எத்தனை பேர் வெண்பாவை விளையாடினார்கள்? அவள் சமைப்பதை உலகமே விளையாடலாம். அவள் விளையாட வேண்டுமானால் முதலில் சமைத்து முடித்திருக்க வேண்டும்.

அந்தக் கேம் அடுப்படிக்குள் கொண்டுவந்த பெரிய அதிசயம் வேறு ஒன்று. இட்லி சரியாக வரவில்லை என்றால் மறுபடி செய்யலாம். யாரும் தட்டைத் தள்ளிவிடுவதில்லை. உங்க அம்மா இதைக்கூட கத்துக்கொடுக்கலையா என்று யாரும் கேட்பதில்லை. விளையாட்டு என்பதன் அடிப்படையே அதுதான்: தவறு செய்யலாம், தண்டனை இல்லை. மாரியோ பள்ளத்தில் விழுந்தால் இன்னொரு உயிர் இருக்கிறது. நூறு முறை விழுந்து நூற்றியோராவது முறை தாண்டிய பையன், தோல்வி ஒன்றும் பெரிய விஷயமில்லை என்பதை உடம்பால் கற்றுக்கொள்கிறான். பெண்பிள்ளைக்கு அந்தப் பயிற்சி எங்கே நடந்தது? சோறு குழைந்தால் பேச்சு, கோலம் கோணினால் பேச்சு, மதிப்பெண் குறைந்தால் கல்யாணப் பேச்சு. பெண்கள் ஏன் துணிந்து இறங்குவதில்லை என்று பிற்பாடு கருத்தரங்கம் நடத்துவார்கள். அம்பை 1988லேயே வீட்டின் மூலையில் ஒரு சமையலறை என்று ஒரு தொகுப்புக்குத் தலைப்பிட்டார். அந்த மூலையிலிருந்து ஹாலுக்கு வரும் பத்தடி தூரத்தை நாம் இன்னும் நடந்து முடிக்கவில்லை.

இனிக் கணக்கைப் பார்ப்போம். ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இல் ஒருமுறையும் 2024இல் ஒருமுறையும் நடந்தது. சம்பளமில்லாத வீட்டுவேலை செய்வோரில் ஒரு பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிட்ட நேரம் 2019இல் 299 நிமிடம், ஆண் 97 நிமிடம். 2024இல் பெண் 289, ஆண் 88. கழித்துப் பாருங்கள். 2019இல் இடைவெளி 202 நிமிடம், 2024இல் 201. ஐந்து ஆண்டில் நாம் முன்னேறியது ஒரு நிமிடம்! ஆணின் 88 நிமிடம்கூட, வீட்டுவேலையில் கை வைத்த ஆண்களை மட்டும் எண்ணிக் கிடைத்த கணக்கு. 2019இல் அப்படிக் கை வைத்தவர்கள் நூறு ஆண்களில் 26 பேர்தான்.

201 நிமிடம் என்றால் மூன்று மணி இருபத்தோரு நிமிடம். வெண்பாவை ஆடி முடிக்கச் சுமார் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஆணைவிடக் கூடுதலாக நாம் அடுப்படியில் கழிக்கும் நேரத்தில் தினமும் இரண்டு முறை அதை முடித்துவிட்டு, எழுந்து ஒரு காபியும் குடிக்கலாம். காபியை வேறு யாராவது போட்டால்.

பெண்களுக்கு இதிலெல்லாம் ஆர்வம் கிடையாது என்பவர்கள் கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்ட்ரலுக்குப் போகும் மின்சார ரயிலில் பெண்கள் பெட்டியில் ஒருநாள் ஏறிப் பார்க்கட்டும். கவரப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர் என்று ஏறும் பெண்களில் பூக்கட்டுகிறவர்கள் உண்டு, தூங்குகிறவர்கள் உண்டு, போனில் மிட்டாய்களை அடுக்கி உடைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. அது வீடியோ கேம் இல்லாமல் வேறென்ன? ஆனால் அதைக் கேம் என்று யாரும் மதிப்பதில்லை. டைம்பாஸ் என்கிறார்கள். ஆண் ஆடினால் கேமர், பெண் ஆடினால் டைம்பாஸ்.

பெண்கள் போனில் ஆடுவதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை. போன் கேம் துண்டு துண்டான நேரத்துக்கு ஏற்றது. மூன்று நிமிடத்தில் ஒரு கட்டம் முடியும். யாராவது கூப்பிட்டால் பாதியில் பையில் போட்டுக்கொள்ளலாம். ஒரு கையால்கூட ஆடலாம். கன்சோலுக்கு வீட்டின் பொது இடம் வேண்டும், பெரிய திரை வேண்டும், குறுக்கீடு இல்லாத ஒரு மணி நேரம் வேண்டும். குழம்பு கொதிக்கும் இடைவெளியில் கிடைக்கும் துண்டு நேரத்தை வைத்துக்கொண்டு எப்படி அந்த ஆட்டத்தில் இறங்குவது? ஆணுக்கு முழுத் துணி, நமக்குத் தையற்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணி. அதிலும் அழகாக ஒட்டுப்போட்டுத் தைக்கத் தெரிந்தவர்கள் நாம் என்பதற்காக, வெட்டுத்துணியே போதும் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்தப் போனைச் செய்யும் கைகளையும் பார்க்க வேண்டும். இன்று உலகில் கன்சோலைவிட போனில்தான் வீடியோ கேம் அதிகம் விற்கிறது. அந்தப் போன்கள் இங்கே ஸ்ரீபெரும்புதூரில் தயாராகின்றன. தயாரிப்பு வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் பலர் திருவள்ளூர் மாவட்டம் பூந்தமல்லிப் பக்கம் விடுதிகளில் தங்கியிருந்தார்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் நஞ்சேறி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தரமாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. உலகத்தின் பொழுதைப் போக்கும் பொருளைச் செய்தவர்களுக்குப் படுக்கத் தரை, சாப்பிட நஞ்சு.

2024 ஜூனில் அதே ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதைத் தவிர்க்கிறார்கள் என்று ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஒன்றிய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. குடும்பப் பொறுப்பு அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வீட்டில் நம் நேரத்தை எடுத்துக்கொண்டவர்களின் கணக்கை, ஆலை வாசலில் நம்மிடம் வசூலிக்கிறார்கள்.

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1923இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே சென்னையில். சரியாக நூறு ஆண்டு கழித்து எட்டு மணி நேரத்தைக் காப்பாற்ற மறுபடி போராட வேண்டியிருந்தது. அப்போது சொல்லப்பட்ட நியாயம் நினைவிருக்கிறதா? நான்கு நாள் வேலை, மூன்று நாள் விடுமுறை. ஆணுக்கு அது மூன்று நாள் விடுமுறையாக இருந்திருக்கலாம். பெண்ணுக்கு மூன்று நாள் அடுப்படி. எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், எட்டு மணி நமக்கு என்ற பழைய முழக்கத்தில் அந்த மூன்றாவது எட்டு பெண்ணுக்கு ஒருபோதும் வந்து சேரவில்லை. வெளிவேலை எட்டு மணி ஆனாலும் பன்னிரண்டு மணி ஆனாலும் வீட்டுவேலை அந்த எட்டைத் தின்றுவிடுகிறது.

2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி வளாகம் திறக்கப்பட்டது. நல்லது. பூந்தமல்லியில் ரோட்டில் உட்கார்ந்தவர்கள் வாங்கிக் கொடுத்தது என்றே அதைச் சொல்வேன். கும்மிடிப்பூண்டிக்கும் தேர்வாய்கண்டிகைக்கும் வேலைக்கு வரும் பெண்களுக்கும் அப்படி இடங்கள் வேண்டும். ஆனால் விடுதியை நாம் கட்டில்களால் எண்ணுகிறோம். பொழுதுபோக்கு அறை கட்டுவது எளிது, அதில் உட்காரப் பொழுது வேண்டும். ஷிப்ட் முடிந்து, ஓவர்டைம் முடிந்து, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவளுக்குக் கட்டிலைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. அவளை வேலைக்குப் பழுது பார்த்து அனுப்பும் இடமாக மட்டும் விடுதி இருக்கக் கூடாது.

விளையாட்டில் பெண்ணுக்கு இயல்பாகவே நாட்டமில்லை என்ற வாதத்துக்கு நம் பாட்டிகளே பதில். பல்லாங்குழி, தாயம், சொட்டாங்கல், பாண்டி எல்லாம் யாருடையவை? பல்லாங்குழியில் எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று எடுப்பதற்கு முன்பே மனதில் எண்ணி முடிப்பவள் எந்தக் கணினி விளையாட்டுக்கும் சளைத்தவள் இல்லை. நாட்டம் இருந்தது. அதை நிறுத்தியது ஒரு குறிப்பிட்ட நாள். மஞ்சள் நீராட்டிய மறுநாளிலிருந்து தெருவில் நொண்டியடிக்கக் கூடாது, மைதானத்துப் பக்கம் போகக் கூடாது, சத்தமாகச் சிரிக்கக் கூடாது. மாதவிலக்கு தொடங்கும் வயதில் பெண்ணின் விளையாட்டு முடிகிறது. ஆணின் விளையாட்டுக்கு அப்படி முடிவு வயது கிடையாது. நாற்பதில் ரெட்ரோ கேம் வாங்குகிறவனை, மனசுக்குள் இன்னும் குழந்தை என்று கொஞ்சுகிறோம். நாற்பதில் பாண்டி ஆடும் பெண்ணை என்ன சொல்வோம்?

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மியை நான் இதில் சேர்க்கவில்லை. அது சூதாட்டம். கணவன் அதில் விட்ட காசுக்குத் தாலியை அடகு வைத்த பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். 2022இன் தடைச் சட்டம் தேவைதான். ஆன்லைனில் குரலைக் கேட்டதும் பெண் என்று தெரிந்து ஆபாசமாகப் பேசுகிறவர்களையும் மறக்கவில்லை. 2014இல் அமெரிக்காவில் கேமர்கேட் என்ற பெயரில், கேம் செய்த பெண்களையும் விமர்சித்த பெண்களையும் மாதக்கணக்கில் கொலை மிரட்டல், வல்லுறவு மிரட்டல் விட்டுத் துரத்தினார்கள். ஆனால் தெருவில் தொந்தரவு இருக்கிறது என்பதற்காக நாம் தெருவை விட்டுக்கொடுக்கவில்லையே. ஹாலையும் கொடுக்க வேண்டியதில்லை.

எனவே கேட்க வேண்டியதைக் கேட்போம். கன்சோல் வாங்கும் வீட்டில் மகள் பெயரிலும் ஒரு கணக்கு இருக்கட்டும், பாஸ்வேர்டு அவளுக்கும் தெரியட்டும். பையன் எத்தனை மணி நேரம் ஆடுகிறானோ அத்தனை மணி நேரம் அவளும் ஆடட்டும். அவன் குறைத்துக்கொண்டால் அவளும் குறைத்துக்கொள்ளட்டும். சனிக்கிழமை பாத்திரம் யார், ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் யார் என்று அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், அப்பாவின் பெயரையும் சேர்த்து. தொழிற்சங்கங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஓவர்டைம் கூலிக்குப் பக்கத்தில், மறுக்கும் உரிமையுள்ள ஓவர்டைம் என்று ஒரு வரி சேர்க்கட்டும். கல்லூரியில் படிக்கும் தோழிகள் கேம் செய்யும் பாடத்தில் சேரட்டும். வெண்பாவை ஒருவர் கனடாவிலிருந்து எழுத முடிந்தால், ஆறு மணி ஷிப்டுக்கு நாலரை மணிக்கு எழும் பெண்ணின் கதையைப் பொன்னேரியிலிருந்து ஒருத்தி எழுதலாம்.

அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு ஆடத் தெரியாது என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். முதல் பள்ளத்திலேயே விழுவீர்கள். விழுங்கள். மறுபடி ஆரம்பத்திலிருந்து வரும். அதற்குள் உள்ளேயிருந்து குக்கர் விசில் அடித்தால் எழுந்து போகாதீர்கள். அந்த வீட்டில் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் காது இருக்கிறது.